சூரிய காந்தப்புலத் தரவில் ஆவர்த்தனம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், பௌதிகவியலோ புள்ளிவிபரவியலோ படிக்கும் இளையோரும் சூரியத் தரவைக் கையில் எடுத்த சில நாளிலேயே கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை ஒரு வரியில் சொன்னால் ஆபத்து. அவற்றை நீட்டியே எழுதியிருக்கிறேன். உயர்தர இணைந்த கணிதம் தெரிந்தவர் எல்லாவற்றையும் பின்தொடரலாம்.

சூரியனின் காந்தப்புலத்தைப் பூமியிலிருந்து எப்படி அளக்கிறார்கள்? கோப்பில் இருக்கும் எண் எதன் எண்?

சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இரும்பு போன்ற தனிமங்கள் விட்டுச்சென்ற கருங்கோடுகள் தெரியும். காந்தப்புலம் உள்ள இடத்தில் அந்தக் கோடுகள் பிளவுபடும். இதுதான் சீமான் விளைவு. 1908இல் ஜோர்ஜ் எல்லரி ஹேல், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில், சூரியப்புள்ளிகளின் ஒளியில் இந்தப் பிளவைக் கண்டார். பூமிக்கு வெளியே ஒரு பொருளில் காந்தப்புலம் அளக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கொடுக்கும் கோப்பு, ஸ்டான்போர்டில் உள்ள வில்கொக்ஸ் சூரிய வானாய்வகத்தின் சராசரிப் புலம். 1975 மே தொடக்கம் நாளுக்கு ஒரு பெறுமானம், மைக்ரோதெஸ்லாவில். முழுச் சூரியனின் ஒளியையும் ஒன்றாக எடுத்து, நம் பக்கம் நோக்கிய புலத்தின் சராசரியை எடுக்கிறார்கள். ஒரு சூரியப்புள்ளியின் நடுவே புலம் 2000, 3000 கௌஸ் இருக்கும் (ஒரு கௌஸ் என்பது 100 மைக்ரோதெஸ்லா). ஆனால் முழு வட்டத்திலும் வடமுனைவும் தென்முனைவும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு கௌஸுக்குள்தான். கொழும்பில் ஒரு காந்த ஊசியைத் திருப்பும் பூமியின் புலம் சுமார் 0.4 கௌஸ், ஏறக்குறைய அதே அளவு.

இன்னொரு விடயம். அந்தக் கோப்பின் பதிவு நேரம் உலக நேரம் 20 மணி. ஸ்டான்போர்டில் அது நண்பகல். கொழும்பில் மறுநாள் அதிகாலை 1.30. இங்கே பதிவான ஏதாவதொரு தரவோடு சேர்த்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் திகதி ஒரு நாள் தப்பும்.

ஏற்கெனவே உறுதியான ஆவர்த்தனங்கள் எவை?

ஏறக்குறைய 11 ஆண்டுச் சுழற்சியை 1840களில் ஹைன்ரிஷ் ஷ்வாப சூரியப்புள்ளிகளை எண்ணிக் கண்டார். ஒவ்வொரு சுழற்சியிலும் காந்த முனைவு புரண்டு, மீண்டும் பழைய இடத்துக்கு வர இரண்டு சுழற்சி வேண்டும். அது 22 ஆண்டு. சூரியன் தன்னைத்தானே சுற்றுவது பூமியிலிருந்து பார்க்கையில் சராசரியாக 27.3 நாள். இந்த மூன்றிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இவற்றுக்கு அடுத்த வரிசையில் 154 நாள், 1.3 ஆண்டு, இரண்டு ஆண்டை ஒட்டிய அலைவு என்று பல உண்டு. அவை சில காலம் தெரியும், சில காலம் மறையும். நூறு ஆண்டுக்குக் கிட்டிய நீண்ட சுழற்சிகளையும் சொல்வார்கள். 1975இலிருந்து உள்ள காந்தத் தரவில் அவற்றைத் தேடுவதில் பயனில்லை. தரவின் நீளமே 50 ஆண்டுதான்.

நிறமாலையில் உயரமான உச்சம் வந்துவிட்டது. ஆவர்த்தனம் கண்டுபிடித்துவிட்டேன்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

வெறும் இரைச்சலை, அதாவது ஒன்றோடொன்று தொடர்பில்லாத எழுமாற்று எண்களை, வலு நிறமாலையாக, அதாவது எந்த மீடிறனில் எவ்வளவு வலு என்று காட்டும் படமாக, மாற்றினால் தட்டையான கோடு வராது. உச்சங்கள் நிறைந்த ஒரு வேலிதான் வரும். சராசரி வலு 1 என்று வைத்துக்கொண்டால், ஒரு குறிப்பிட்ட மீடிறனில் வலு z ஐத் தாண்டுவதற்கான நிகழ்தகவு, e இன் அடுக்கு மறை z. 5 சதவீத எல்லை என்றால் z = 3.0. இதைத்தான் பலர் படத்தில் கிடையாகக் கோடு போட்டு, அதற்கு மேல் எழுந்த எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் ஒரு மீடிறனையா பார்த்தீர்கள்? 500 மீடிறன்களைப் பார்த்திருந்தால், சூரியனில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் 25 உச்சங்கள் அந்தக் கோட்டைத் தாண்டும். 500 இடங்களில் எங்குமே தற்செயலாகத் தாண்டக்கூடாது, அப்படித் தாண்டும் வாய்ப்பு மொத்தமாக 5 சதவீதமாக இருக்க வேண்டும் என்றால் கோட்டை 9.2க்கு உயர்த்த வேண்டும். 3.0க்கும் 9.2க்கும் இடையில் இருக்கும் வெளியில்தான் எத்தனையோ ‘புதிய ஆவர்த்தனங்கள்’ பிறந்து, அடுத்த பத்தாண்டுத் தரவு வந்ததும் காணாமல் போயின.

எனவே உச்சத்தின் உயரத்தை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். எதனோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை இடத்தில் தேடினீர்கள் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாத உச்சத்துக்குப் பொருளே கிடையாது.

‘எதனோடு ஒப்பிட்டீர்கள்’ என்றால் என்ன? இரைச்சல் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. மேலே சொன்ன கணக்கு வெள்ளை இரைச்சலுக்கு உரியது: இன்றைய பெறுமானத்துக்கும் நேற்றையதற்கும் தொடர்பே இல்லாத நிலை. சூரியன் அப்படி நடந்துகொள்வதில்லை. இன்று நம் பக்கம் ஒரு பெரிய காந்தப் பகுதி இருந்தால் நாளையும் அது அங்கேதான் இருக்கும், கொஞ்சம் நகர்ந்து. அதனால் மெதுவான மாற்றங்களில் வலு கூடியும் வேகமான மாற்றங்களில் குறைந்தும் இருக்கும். இதைச் சிவப்பு இரைச்சல் என்கிறோம்.

இதன் எளிய வடிவம்: இன்றைய பெறுமானம் = நேற்றையதன் α மடங்கு + புதிய எழுமாற்று உதை. நாள் தரவில் α = 0.9 என்று எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மிக நீண்ட ஆவர்த்தன காலங்களில் பின்னணியின் சராசரி வலு, அதே மாறற்றிறன் கொண்ட வெள்ளை இரைச்சலைப் போல (1+α)/(1−α) மடங்கு. அதாவது 19 மடங்கு. 154 நாளில்கூட 16 மடங்குக்கு மேல். சற்று முன் கடுமையான எல்லை என்று 9.2ஐப் போட்டோம். இங்கே உச்சமே வேண்டாம், பின்னணியின் சராசரியே அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறது! வெள்ளை இரைச்சலோடு ஒப்பிட்டால் நீண்ட ஆவர்த்தனங்கள் எல்லாமே ‘99 சதவீதம் உறுதி’ என்று வருவது இதனால்தான்.

1998இல் டொரன்ஸும் கொம்போவும் வேவ்லெட் பகுப்பாய்வுக்கு (ஓர் ஆவர்த்தனம் எந்தக் காலத்தில் தெரிகிறது என்றும் காட்டும் முறைக்கு) எழுதிய வழிகாட்டியில் சிவப்பு இரைச்சலைப் பின்னணியாக வைத்துச் சோதிக்கும் முறையைத் தெளிவாகத் தந்தார்கள். அதன் பிறகும் வெள்ளை இரைச்சல் எல்லையோடு வரும் படங்களைக் காண்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் சூரியனுக்கு α ஒன்று மட்டும் போதாது. தரவில் 27 நாள் அலைவு பலமாக இருக்கிறது. எளிய சிவப்பு இரைச்சலில் அது கிடையாது. 154 நாளைத் தேடுபவர், 27 நாள் சுழற்சியையும் 11 ஆண்டு ஏற்ற இறக்கத்தையும் உள்ளடக்கிய ஒரு பின்னணியைத்தான் சூனியக் கருதுகோளாக, அதாவது தரவால் மறுக்க முயலும் கூற்றாக, வைக்க வேண்டும். ‘சூரியனில் ஒன்றுமே நடக்கவில்லை’ என்பதை மறுத்து என்ன பயன்? அது எல்லோருக்கும் தெரிந்த பொய். ‘ஏற்கெனவே தெரிந்தவை மட்டும் நடக்கின்றன’ என்பதைத்தான் மறுக்க வேண்டும்.

ஒழுங்கான ஆவர்த்தனம் இல்லாமலே ஒரு தரவு அலைபோலத் தோன்ற முடியுமா?

முடியும். இதை முதலில் கணக்காகச் சொன்னவர் ஊட்னி யூல், சொன்னது 1927இல், எடுத்துக்கொண்ட தரவு சூரியப்புள்ளி எண்ணிக்கையேதான். அதற்கு முன் ஆர்தர் ஷுஸ்டர் பீரியடோகிராம் முறையை உருவாக்கி, சூரியப்புள்ளிகளை மாறாத சைன் அலைகளின் கூட்டாகப் பிரித்துப் பார்த்திருந்தார். யூல் வேறு வழியில் யோசித்தார். ஓர் ஊசல் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. சிறுவர்கள் அறைக்குள் புகுந்து பட்டாணியால் அதை அடிக்கிறார்கள், ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். ஊசல் நிற்காது. ஆனால் அதன் வீச்சமும் கட்டமும் (ஆட்டத்தின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும்) கண்டபடி மாறிக்கொண்டே போகும். முந்தைய இரண்டு பெறுமானங்களிலிருந்து அடுத்ததைச் சொல்லும் அவரது சமன்பாடு, இன்று எல்லாப் புள்ளிவிபர மாணவரும் படிக்கும் நேரத்தொடர் மாதிரிகளின் தொடக்கம்.

நம் வேலைக்கு இதிலிருந்து வருவது: உண்மையான ஆவர்த்தனம் என்றால் தரவு நீள நீள உச்சம் ஒடுங்கி உயர வேண்டும். உதைபட்ட ஊசல் என்றால் உச்சம் அகலமாகவே நிற்கும், உள்ளுக்குள் பல கிளைகளாக உடையும். 27 நாளைச் சுற்றி 26, 27, 28, 29 என்று வரும் உச்சக் கூட்டம் இரண்டாம் வகை. காந்தப் பகுதிகள் தோன்றிச் சில வாரமோ சில மாதமோ இருந்து கரைகின்றன. மத்திய கோட்டுப் பகுதி வேகமாகவும் முனைப்பகுதி மெதுவாகவும் சுற்றுகிறது. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிப் பெயர் வைக்க வேண்டாம்.

மென்பொருளே தவறான எச்சரிக்கை நிகழ்தகவை, வெறும் இரைச்சலே இவ்வளவு உயர்ந்த உச்சத்தைத் தரும் வாய்ப்பை, கணக்கிட்டுத் தருகிறதே. அது போதாதா?

எந்த இரைச்சலைக் கருதிக் கணக்கிட்டது என்று பாருங்கள். பைதன் நிரல்மொழியில் அஸ்ட்ரோபை என்ற மென்பொருள் தொகுப்பு தரும் லொம்–ஸ்கார்கில் நிறமாலைக் கருவி அருமையானது. இடைவெளி உள்ள தரவுக்கு முதலில் எடுக்க வேண்டிய கருவி அதுதான். ஆனால் அதன் நிகழ்தகவு வெள்ளை இரைச்சலைக் கருதுகிறது. தரவைக் கலைத்துப்போட்டுத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் தெரிவும் அப்படியே. கலைத்த கணத்திலேயே நேற்றைக்கும் இன்றைக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. பிறகு உண்மைத் தரவு அந்தக் கலைத்த தரவைவிட ‘சிறப்பாக’ இருப்பதில் என்ன வியப்பு?

நான் செய்யச் சொல்வது இது. உங்கள் தரவுக்குப் பொருந்தும் பின்னணி மாதிரியைத் தேர்ந்து, அதிலிருந்து 10,000 செயற்கைத் தொடர்களை உருவாக்குங்கள். உண்மைத் தரவில் எந்தெந்த நாள் இல்லையோ அந்தந்த நாளை அவற்றிலும் நீக்குங்கள். உண்மைத் தரவுக்குச் செய்த ஒவ்வொரு வேலையையும், போக்கு நீக்குவது உட்பட, அவற்றுக்கும் அதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றின் வலுவையும் பின்னணியின் எதிர்பார்த்த வலுவால் வகுத்து, தேடிய எல்லை முழுவதிலும் வரும் மிக உயர்ந்த விகிதத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 10,000 உயரங்களில் உங்களுடையது எங்கே நிற்கிறது என்பதுதான் பதில். சாதாரண மடிக்கணினியிலேயே செய்யலாம். இரவில் ஓடவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

காணாமல் போன நாட்களுக்குப் பூச்சியம் போடலாமா?

கூடாது. பூச்சியம் என்பதும் ஓர் அளவீடு. அன்று சூரியனின் சராசரிப் புலம் சரியாகப் பூச்சியம் என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

கோட்டால் இணைத்து நிரப்புவது ஓரிரு நாள் இடைவெளிக்குப் பரவாயில்லை. நீண்ட இடைவெளியில் அதுவும் கெடுக்கும். லொம்–ஸ்கார்கில் முறைக்கு நிரப்பவே தேவையில்லை. ஆனால் நிரப்பாவிட்டாலும் இடைவெளிகளின் ஒழுங்கு நிறமாலையில் தன் கையைக் காட்டும். கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில்தான். முகிலால் தப்பும் நாட்களும் அப்போதுதான் கூட. ஆகவே தரவின் இடைவெளிகளில் ஓர் ஆண்டு ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. 27 நாள் உச்சத்தோடு அது சேர்ந்தால் என்ன ஆகும்? 1/27 இலிருந்து 1/365 ஐக் கூட்டிக் கழித்துத் தலைகீழாக்குங்கள். 25.1 நாளிலும் 29.2 நாளிலும் இரண்டு பக்க உச்சங்கள். அந்த 25.1ஐப் பார்த்ததும், ‘சூரியனின் மத்திய கோட்டுச் சுழற்சி 25 நாள்தானே, அதுதான் தெரிகிறது’ என்று மனம் துள்ளும். பக்கத்திலேயே 29.2 நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் மீடிறனில் 27 நாள் உச்சத்திலிருந்து சம தூரத்தில் நின்றால் அது மழைக்காலம்.

ஓராண்டு ஆவர்த்தனமும் இதே போலச் சந்தேகத்துக்குரியது. சூரியனின் அச்சு 7.25 பாகை சரிந்திருப்பதால் ஆண்டில் ஒருமுறை வடமுனையும் ஒருமுறை தென்முனையும் நம் பக்கம் சாய்கின்றன. முனைப் புலத்தின் தரவில் ஓராண்டு அலைவு கண்ணுக்கே தெரியும். வில்கொக்ஸ் வானாய்வகம் அதை வடிகட்டிய தொடரையும் சேர்த்துத் தருகிறது. அந்த அலைவு பூமி சுற்றுவதால் வருவது. சூரியனில் எதுவும் மாறவில்லை.

தேர்ந்த விஞ்ஞானிகளே இப்படி ஏமாந்ததுண்டா?

உண்டு. 1976இல், நேச்சர் இதழில், கிரிமியாவின் செவெர்னி, கோட்டொவ், ட்சாப் மூவரும் சூரிய மேற்பரப்பின் வேகத்தில் 160 நிமிட அலைவு இருப்பதாக எழுதினார்கள். அதே நேரத்தில் பேர்மிங்ஹாம் குழுவும் அதையே சொன்னது. பின்னர் ஸ்டான்போர்டிலும் தென்பட்டது. உண்மையாக இருந்திருந்தால் சூரியனின் ஆழ்மையத்தைப் பற்றிய நம் அறிவே மாறியிருக்கும்.

சந்தேகத்தின் வேர் ஒரு வகுத்தலில் இருக்கிறது. ஒரு நாளுக்கு 1440 நிமிடம். 1440ஐ 160 ஆல் வகுத்தால் சரியாக 9. சூரியன் உதித்து மறையும் ஒழுங்கில் தரவு எடுக்கும் எந்த வானாய்வகத்திலும், காற்றுமண்டலமும் கருவியும் நாள்தோறும் ஒரே மாதிரி மாறும் எந்தச் சிறு விளைவும், ஒரு நாளின் இரண்டிலொன்று, மூன்றிலொன்று என்று போய் ஒன்பதிலொன்றிலும் உச்சம் காட்டலாம்.

ஆதரித்தவர்கள் அறியாதவர்கள் அல்ல. ஆவர்த்தன காலம் சரியாக 160 இல்லை, 160.01 நிமிடம் என்று காட்டினார்கள். அந்த 0.01 நிமிடம் ஓராண்டில் சேர்ந்து கட்டத்தை ஏறத்தாழ 33 நிமிடம் நகர்த்தும். நாளின் ஒன்பதிலொன்றாக இருந்தால் கட்டம் நகரவே கூடாது. வலுவான வாதம்தான், நேர்மையான வாதமும்கூட. இறுதியில் தீர்ப்புச் சொன்னது தரவு. வெவ்வேறு நாடுகளில் உள்ள கருவிகளை இணைத்து இரவையே இல்லாமல் செய்த வலையமைப்புகள் வந்தன. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலம், பகல் இரவு இல்லாத இடத்திலிருந்து தொடர்ச்சியாகப் பார்த்தது. 160 நிமிட அலைவு அங்கே இல்லை.

இதை நான் எப்போதும் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இதில் யாரும் கவனக்குறைவாக இருக்கவில்லை என்பதுதான்.

அப்படியானால் விண்கலத் தரவை எடுத்தால் தொல்லை இல்லையே?

தொல்லை இடம் மாறும். 2010 பெப்ரவரியில் ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. விண்கலத்தின் எச்.எம்.ஐ. கருவி 45 செக்கனுக்கு ஒருமுறை முழுச் சூரியனின் காந்தப் படத்தைத் தருகிறது, 4096க்கு 4096 புள்ளிகளில். கண்ணைப் பறிக்கும் தரவு. ஆனால் அந்த விண்கலம் பூமியை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. சுற்றும்போது சூரியனை நோக்கி அணுகியும் விலகியும் செக்கனுக்குச் சுமார் 3 கிலோமீற்றர் வேகத்தில் நகர்கிறது. அதனால் நிறமாலைக் கோடு இடம்பெயர்கிறது. அளவுத்திருத்தம் செய்த பின்னும் கொஞ்சம் எச்சம் நிற்கிறது. விளைவு, காந்தப்புலத்தில் 24 மணி, 12 மணி அலைவு. வலுவான சூரியப்புள்ளிகளில் இது நன்றாகத் தெரியும். 12 மணி அலைவு ஒன்று உங்களுக்கு வந்திருந்தால், சூரியப்புள்ளியின் உள்ளியக்கம் என்று எழுதுவதற்கு முன் விண்கலத்தின் வேகத்தையும் அதே படத்தில் வரைந்து பாருங்கள்.

27 நாளோடு 13.5 நாளும் 9 நாளும் வருகின்றன. மூன்று ஆவர்த்தனங்களா?

பெரும்பாலும் ஒன்றுதான். கொழும்பின் மழையை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தை ஒட்டி ஒரு உச்சம், ஒக்டோபர்–நவம்பரில் இன்னொன்று. கொழும்பின் மாத மழைவீழ்ச்சியை நிறமாலையாக்கினால் 12 மாதத்தோடு 6 மாதமும் பலமாக எழும். அதற்காக வானத்தில் ஆறு மாத இயந்திரம் ஒன்று தனியாக ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை; ஆண்டுச் சுழற்சியின் வடிவம் அப்படி. சூரியனிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு காந்தப் பகுதிகள் இருந்தால் ஒரே சுழற்சி 13.5 நாளாகவும் தெரியும். அடிப்படைக் காலத்தின் முழு எண் பங்குகளை ஒரே குடும்பமாகச் சேர்த்தே எண்ணுங்கள்.

புலத்தின் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுக்கலாமா?

எடுக்கலாம், என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்தால். கோசைனை வர்க்கித்தால் இரட்டை மீடிறன் வரும் என்பது உயர்தரப் பாடம். குறியோடு 22 ஆண்டு. குறி நீக்கினால் 11 ஆண்டு. சூரியப்புள்ளி எண்ணிக்கைக்குக் குறி இல்லை, அதனால்தான் அங்கே 11. குறியுள்ள தொடரிலும் குறி நீக்கிய தொடரிலும் வரும் உச்சங்களைத் தனித்தனிக் கண்டுபிடிப்பாக எண்ணுவது ஒன்றையே இரண்டு முறை எண்ணுவது.

154 நாள் உண்மையா, இல்லையா?

1984இல் ரீகரும் உடன் பணியாற்றியோரும், சோலார் மெக்சிமம் மிஷன் விண்கலம் பதிந்த காமாக் கதிர்ச் சுடர்களில் இதைக் கண்டார்கள். பிறகு அந்த 11 ஆண்டுச் சுழற்சியின் சூரியப்புள்ளிப் பரப்பிலும் காந்தப் பாயத்திலும் ஏறத்தாழ அதே காலம் தெரிந்தது. ஒன்றோடொன்று தொடர்பற்ற கருவிகள் ஒரே காலத்தைச் சொல்வதால், அந்தக் காலகட்டத்தில் அது இருந்தது என்றே நான் கொள்கிறேன். ஆனால் எல்லாச் சுழற்சியிலும் அது அதே இடத்தில் அதே பலத்தோடு நிற்பதில்லை. சுழற்சியின் உச்சக் காலத்தை ஒட்டி எழுந்து, சில ஆண்டில் கரைந்து, வேறொரு சுழற்சியில் சற்றுத் தள்ளி எழுகிறது.

இப்படி வந்துபோகும் அலைவுக்கு வேவ்லெட் பொருத்தமான கருவி. எந்தக் காலத்தில் எந்த ஆவர்த்தனம் என்று இரண்டையும் காட்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. 95 சதவீத எல்லை போட்ட வேவ்லெட் படத்தில், வெறும் இரைச்சலிலும் பரப்பின் 5 சதவீதம் தீவுதீவாக எல்லையைத் தாண்டும். தீவுகள் பார்க்க அழகாக, அர்த்தமுள்ளவைபோல இருக்கும். நம்பிக்கை வைக்கக்கூடிய சோதனை ஒன்றுதான்: ஒரு பாதித் தரவில் தேடுங்கள், கண்ட ஆவர்த்தன காலத்தை எழுதி வையுங்கள், மறுபாதியில் அந்த ஒரே காலத்தை மட்டும் சோதியுங்கள். அப்போது தேடிய இடம் ஒன்றுதான். முதலில் சொன்ன 3.0 எல்லை அங்கே, பின்னணி வலுவால் வகுத்த பிறகு, நியாயமாகும்.

நகரும் சராசரி எடுத்தால் அலை தெளிவாகத் தெரிகிறது. எடுக்கலாமா?

கண்ணால் பார்க்க எடுங்கள். சோதனைக்கு எடுக்காதீர்கள். எழுமாற்று எண்களைத் திரும்பத் திரும்பச் சராசரி எடுத்தாலே அலை பிறக்கும் என்று ஸ்லுட்ஸ்கி 1927இலேயே காட்டிவிட்டார்.

11 ஆண்டுச் சுழற்சிக்கு வியாழன் காரணமா? அதுவும் சூரியனை 12 ஆண்டில்தானே சுற்றுகிறது?

இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும், வரவும் வேண்டும். எண்களையே கேளுங்கள். எண்ணிடப்பட்ட முதலாம் சூரியச் சுழற்சி 1755இல் தொடங்கியது. 25ஆவது 2019 டிசம்பரில். இடையில் 24 சுழற்சி, ஏறத்தாழ 265 ஆண்டு, சராசரி 11.0 ஆண்டு. வியாழனுக்கு 11.86 ஆண்டு; அதே காலத்தில் அது 22 தடவைக்குச் சற்றுக் கூடத்தான் சுற்றியிருக்கும். ஒன்று மற்றொன்றை இயக்கினால் இரண்டும் கட்டம் பிசகாமல் சேர்ந்து நடக்க வேண்டும். இங்கே ஒன்றரைச் சுற்றுக்கு மேல் பிசகிவிட்டது. தவிர, சூரியச் சுழற்சிகளின் நீளம் 9 ஆண்டிலிருந்து 13 ஆண்டுக்கு மேல்வரை மாறுகிறது. பல கோள்களின் கூட்டு விளைவு என்று வாதிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் கோள்களைக் கூட்டிக் கழித்துச் சேர்க்கச் சேர்க்கத் தேடும் இடமும் கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

50 ஆண்டுத் தரவில் 11 ஆண்டை எவ்வளவு துல்லியமாகச் சொல்லலாம்?

50 ஆண்டில் மீடிறன்களைப் பிரித்தறியும் எல்லை ஆண்டுக்கு 1/50. அதில் பாதியை 1/11 இலிருந்து கூட்டிக் கழித்தால் 9.9 ஆண்டிலிருந்து 12.4 ஆண்டு வரை எல்லாமே ஒரு உச்சத்துக்குள் அடங்குகின்றன. ‘11.07 ஆண்டு’ என்று இரண்டு தசமதானத்தில் எழுத வேண்டாம்.

இதெல்லாம் கொழும்பில் இருக்கும் எங்களுக்கு எதற்கு?

நாம் காந்த மத்திய கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். சூரியச் செயற்பாடு கூடிய ஆண்டுகளில், முக்கியமாக மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய மாதங்களில், பொழுது சாய்ந்த பின் நம் தலைக்கு மேலுள்ள அயன்மண்டலம் குழம்பி, ஜி.பி.எஸ். சமிக்ஞையைத் தடுமாற வைக்கும். செயற்கைக்கோளை நம்பி அளக்கும் நில அளவையாளருக்கு இது நேரடி விடயம்.

அடுத்த காரணம் எனக்கு இன்னும் பெரியது. பாக்கு நீரிணைக்கு அப்பால் கொடைக்கானலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் தன் இடத்தில் நிலைத்துச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்டான்போர்டின் காந்தத் தரவும் பிரசல்ஸின் சூரியப்புள்ளி எண்ணிக்கையும் காசில்லாமல் கிடைக்கின்றன. தொலைநோக்கியே இல்லாத வெள்ளவத்தை வீடொன்றின் முன்னறையிலிருந்து, உலகத்தில் எவரும் செய்யும் அதே தரத்தில் செய்யக்கூடிய விஞ்ஞானம் இது. அதற்கு வேண்டியது கணக்கும் பொறுமையும் மட்டும்.

டேட்டா நிறையப் போகுமா?

வில்கொக்ஸ் நாள் தரவு முழுவதும் சேர்ந்தாலும் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைவிடச் சிறியது. எச்.எம்.ஐ. முழுப் படங்களை மட்டும் ரீலோட் போட்டு இறக்க முயல வேண்டாம்.

முடிவை எப்படி எழுதுவது?

தேடத் தொடங்குமுன் தீர்மானித்தவற்றை முதலில் எழுதுங்கள்: எந்த எல்லைக்குள் தேடினீர்கள், எத்தனை மீடிறன், எந்தப் பின்னணி, ஏன். பிறகு தரவில் நீக்கியதையும் சேர்த்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். முயன்று பார்த்துக் கைவிட்ட முறைகளும் அதில் வர வேண்டும். ஐந்து முறை செய்து ஒன்றை மட்டும் காட்டினால் தேடிய இடம் ஐந்து மடங்கு என்பதை வாசிப்பவர் அறிய வழியில்லை. ‘இந்த எல்லைக்குள், இந்த வீச்சத்துக்கு மேல், எதுவும் இல்லை’ என்பதும் முழுமையான முடிவுதான். அதை வெட்கப்படாமல் எழுதுங்கள். செயற்கைத் தொடர் ஒன்றில் தெரிந்த வீச்சத்தில் ஓர் அலையை நீங்களே புகுத்தி, உங்கள் முறை அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தால்தான் அந்த வீச்ச எல்லையைச் சொல்ல முடியும்.

கோப்பை எந்தத் திகதியில் இறக்கினீர்கள் என்பதையும் குறியுங்கள். பிரசல்ஸின் சூரியப்புள்ளி எண்ணிக்கை 2015 ஜூலையில் பழைய நூற்றாண்டுகள் உட்பட முழுவதுமாகத் திருத்தப்பட்டது. அதற்கு முன் இறக்கிய கோப்பும் பின் இறக்கிய கோப்பும் பெயரில் ஒன்று, எண்களில் வேறு.